உணவுக்குழாய்க் கட்டி: கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்கு எண்டாஸ்கோபியில் உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் 2 செ.மீ. மேடு தெரிந்தது. பயாப்ஸி எடுக்காமலே அனுப்பிவிட்டார்களே, டாக்டர்?

எடுக்காததுதான் சரி. மேல்சவ்வில் புண் இல்லை, இடுக்கியின் நுனியால் தள்ளினால் சவ்வு மேட்டின் மேல் வழுக்கி நகர்கிறது என்றால் அது பெரும்பாலும் லியோமயோமா. தசையில் வளரும் தீங்கற்ற கட்டி. சாதாரண இடுக்கி மேல்சவ்வைத்தான் கிள்ளும், அடியில் உள்ள கட்டியை எட்டாது. ரிப்போர்ட் 'நார்மல்' என்று வரும். கிள்ளிய இடம் தழும்பாகிக் கட்டியோடு ஒட்டிக்கொண்டால், பின்னால் கட்டியை உரித்தெடுக்கும்போது சவ்வு கிழிந்துவிடக்கூடும்.

அடுத்து ஈ.யு.எஸ். செய்யுங்கள், அதாவது எண்டாஸ்கோபி வழியே அல்ட்ராசவுண்ட். குழாயின் சுவர் வெள்ளையும் கறுப்புமாக ஐந்து அடுக்காகத் தெரியும். நான்காவது அடுக்கான தசையிலிருந்து, ஓரம் தெளிவாக, ஒரே சீரான கறுப்பாக எழும்பினால் லியோமயோமாவுக்குப் பொருந்தும். மூன்றாவது அடுக்கில் வெள்ளையாக இருந்தால் கொழுப்புக் கட்டி.

கேள்வி: சி.டி. ஸ்கேன் போதாதா?

கட்டியின் அளவும், வெளியிலிருந்து ரத்தக்குழாய் ஏதும் அழுத்துகிறதா என்பதும் தெரியும். அடுக்கு தெரியாது.

கேள்வி: திசுவைப் பார்க்காமல் புற்றுநோய் இல்லை என்பது பொறுப்பற்ற பேச்சு. ஜி.ஐ.எஸ்.டி.யாக (உணவுப்பாதைச் சுவரில் வரும், புற்றாகக்கூடிய கட்டி) இருந்தால்?

நியாயமான கவலை. உணவுக்குழாயில் ஜி.ஐ.எஸ்.டி. அரிது, ஆனாலும் ஈ.யு.எஸ்.ஸில் லியோமயோமா போலவே தெரியக்கூடும். திசுவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, எடுக்கும் வழியைச் சொல்கிறேன். கட்டி பெரிதாக இருந்தால், வளர்ந்தால், ஓரம் ஒழுங்கற்றிருந்தால் ஈ.யு.எஸ். வழியே ஊசி குத்தித் திசு எடுக்க வேண்டும். அந்தத் திசுவில் சி.டி.117 (CD117; ஸ்கேன் அல்ல), டாக்1 (DOG1) என்ற புரதங்கள் பாசிட்டிவ் என்றால் ஜி.ஐ.எஸ்.டி., டெஸ்மின் என்ற தசைப் புரதம் பாசிட்டிவாகி அவை இரண்டும் நெகட்டிவ் என்றால் லியோமயோமா. புண்ணான கட்டிக்கும், மேல்சவ்விலேயே மரு போல வளரும் பாப்பிலோமாவுக்கும் நேரடி பயாப்ஸியேதான்.

கேள்வி (அதே நண்பர்): ஊசியும் தழும்பு உண்டாக்காதா?

உண்டாக்கலாம். அதனால்தான், விழுங்க முடியாமல் எப்படியும் ஆபரேஷன் என்று முடிவானவருக்குப் பல சமயம் ஊசியைத் தவிர்க்கிறோம். நீர்க்கட்டியில் ஊசி போட்டால் கிருமி தொற்றும் அபாயமும் உண்டு. அடுக்கையும் உள்ளிருப்பதையும் பார்த்துவிட்டுத்தான் ஊசியைத் தொட வேண்டும்.

கேள்வி: எனக்கும் வழவழப்பான சின்ன மேடு. உடனே பயாப்ஸி எடுத்துவிடட்டுமா?

முதல் பதிலைப் படியுங்கள். எடுக்காதீர்கள்.

கேள்வி: தைராய்டு கட்டிக்கு எந்த ஸ்கேன்?

என் துறை இல்லை. நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: இருமும்போது அம்மாவின் வாய்க்குள் சதை மாதிரி ஏதோ வந்துபோகிறது. எண்டாஸ்கோபி நார்மல் என்கிறார்கள்.

இதை அலட்சியப்படுத்தாதீர்கள். தொண்டைக்குச் சற்றுக் கீழே காம்பு ஊன்றி, குழாய்க்குள் நீளமாகத் தொங்கும் பாலிப்பாக இருக்கலாம். அதன் மேலும் இயல்பான சவ்வே போர்த்தியிருப்பதால் ஸ்கோப் பக்கத்திலேயே இறங்கியும் கண்ணில் படாமல் போவதுண்டு. பேரியம் என்ற வெள்ளைக் கரைசலை விழுங்க வைத்து எக்ஸ்ரே படம் எடுக்கச் சொல்லுங்கள், கூடவே சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. இது மேலே வந்து மூச்சுக்குழாயை அடைத்து உயிரைப் பறித்ததுண்டு. அகற்றியதை முழுவதும் பேத்தாலஜிக்கு அனுப்ப வேண்டும். பெரிய பாலிப்புகளில் சில, லைபோசார்க்கோமா என்ற புற்றாக இருக்கும். நாளைக்கே ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.