வாசகர் கேள்விகள்: பழைய கணக்குகளுக்குப் புதிய விடைகள்

கேள்வி: கணினி அறிவியல் ஆய்வு என்றாலே இப்போது செயற்கை நுண்ணறிவு மட்டும்தானா? கல்லூரியில் நாங்கள் படித்த அல்காரிதங்கள் எல்லாம் முடிந்துபோன பாடங்களா? (மென்பொருள் பொறியாளர், கோயம்புத்தூர்)

முடிந்துபோகவில்லை. நீங்கள் கட்டாயம் படித்திருக்கக்கூடிய ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ஓர் ஊரிலிருந்து மற்ற எல்லா ஊர்களுக்கும் மிகக் குறைந்த தூரத்தில் செல்லும் வழியைக் காணும் முறையை, டச்சு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956-இல் ஆம்ஸ்டர்டாமின் ஒரு காபிக் கடையில் அமர்ந்து, காகிதமும் பென்சிலும் இல்லாமல், சுமார் 20 நிமிடங்களில் மனத்திலேயே வகுத்தார். 1959-இல் வெளியான அந்த முறை, இன்னும் முடிவாகாத ஊர்களில் தொடக்கத்துக்கு மிக அருகிலிருப்பதை ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுத்து முன்னேறுகிறது. எனவே வேலை முடியும்போது ஊர்கள் அனைத்தும் தூர வரிசையில் நின்றுவிடுகின்றன. ஒப்பிட்டு வரிசைப்படுத்துவதற்குக் குறைந்தது ஒரு குறிப்பிட்ட அளவு நேரமாவது ஆகும் என்பது நிரூபிக்கப்பட்ட உண்மை. ஆகவே குறைந்த தூர வழியைக் காணும் கணக்கும் அந்தத் தடையைத் தாண்டாது என்று பலர் நெடுங்காலம் கருதி வந்தார்கள்.

2025-இல் பெய்ஜிங் சிங்குவா பல்கலைக்கழகத்தின் துவான் ரானும் உடன் உழைத்த நால்வரும் அந்தத் தடையைத் தாண்டினார்கள். அதுவரை எட்டிய பகுதியின் எல்லையில் காத்திருக்கும் ஊர்கள் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தாமல், சாலைகளைத் திரும்பத் திரும்பப் பார்த்துத் தூரங்களைத் திருத்தும் பெல்மன்–ஃபோர்டு முறையைச் சில படிகள் மட்டும் ஓட்டி, வேறு பல ஊர்களுக்கு வழிவிடும் முக்கிய ஊர்கள் சிலவற்றை மட்டும் பிரித்தெடுத்து, அவற்றைக் கொண்டே மேலே செல்வதுதான் அவர்களுடைய உத்தி. இதற்கு ஆகும் நேரம், சாலைகளின் எண்ணிக்கையை ஊர்களின் எண்ணிக்கையுடைய லாகரிதத்தின் 2/3 அடுக்கால் பெருக்கிய அளவிலேயே வளர்கிறது. சாலைகள் அடர்த்தியாக இல்லாத வலைகளில் இது பழைய வரம்பைவிடக் குறைவு. அந்த ஆண்டு கோட்பாட்டுக் கணினி அறிவியலுக்கான ‘ஸ்டாக்’ மாநாட்டில் இக்கட்டுரை சிறந்த கட்டுரைக்கான விருதைப் பெற்றது.

டைக்ஸ்ட்ரா தோற்றுவிட்டார் என்று இதைக் கொண்டாடுவது மட்டும் தவறு. தூரங்களோடு ஊர்களின் வரிசையும் வேண்டுமென்றால், தகுந்த ஹீப் அமைப்புடன் (மிகச் சிறியதை விரைவாக எடுத்துத் தரும் தரவு அமைப்பு) இயங்கும் டைக்ஸ்ட்ராவின் முறையே மிகச் சிறந்தது என்று 2024-இல் வேறொரு குழு நிரூபித்திருக்கிறது. உங்கள் கைபேசியின் வரைபடச் செயலியும் இந்தப் புதிய முறையால் உடனே வேகம் பெற்றுவிடாது. நெடுங்காலம் பலர் சுவர் என்று நம்பிய ஓர் இடத்தில் கதவு இருந்தது என்பதே எனக்கு இதில் பெரிய செய்தி.

கேள்வி: குவாண்டம் கணினி வந்தால் இணைய வங்கிப் பரிமாற்றங்களின் மறைகுறிகளை எல்லாம் உடைத்துவிடும் என்கிறார்களே, அது உண்மையா? (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மதுரை)

ஒரு பகுதி உண்மை. போதிய அளவில் பெரிதான, பிழையைத் திருத்திக்கொள்ளும் குவாண்டம் கணினி கிடைத்தால் இணையத்தில் பரவலாகப் பயன்படும் ஆர்எஸ்ஏ போன்ற மறைகுறி முறைகள் உடையும் என்று அமெரிக்கக் கணித அறிஞர் பீட்டர் ஷோர் 1994-இலேயே காட்டிவிட்டார். கூகுள் 2024 டிசம்பரில் அறிவித்த ‘வில்லோ’ சில்லில் 105 கியூபிட்டுகள்தான் (குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகுகள்) உள்ளன. ஆர்எஸ்ஏயை உடைக்க அது எவ்விதத்திலும் போதாது. ஆனால் இன்று திருடிய மறைசெய்தியைச் சேமித்து வைத்துப் பிற்காலத்தில் திறந்துகொள்ளலாம் என்பதால், மாற்று ஏற்பாட்டை இப்போதே செய்வது அவசியமாகிறது.

குவாண்டம் கணினியாலும் உடைக்க முடியாத மறைகுறி முறைகளுக்காக அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனம் 2016-இல் தொடங்கிய தேர்வின் பயனாக, 2024 ஆகஸ்டில் மூன்று புதிய தரங்கள் வெளியாயின. அந்தத் தேர்வில் நீண்ட காலம் நிலைத்து நின்ற ‘சைக்’ என்னும் முறைக்கு நேர்ந்ததை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. 2022-இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர், எர்ன்ஸ்ட் கானி என்பவர் 1997-இல் வெளியிட்ட ஒரு தூய கணிதத் தேற்றத்தைக் கையில் எடுத்து, அம்முறையின் ஒரு வடிவத்தைச் சாதாரணக் கணினியின் ஒற்றைக் கோரில் (செயலியின் ஒரு கணிப்புப் பகுதியில்) சுமார் ஒரு மணி நேரத்தில் உடைத்துவிட்டார்கள். குவாண்டம் கணினிக்காக அஞ்சிக் கட்டிய கோட்டை பழைய கணினியின் முன்னேயே விழுந்தது. பல ஆண்டுகள் பலரும் தாக்கிப் பார்க்கும்படி ஒரு முறையை வெளிப்படையாக வைப்பது ஏன் முக்கியம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சியை நான் அறியேன்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவால் புதிய அல்காரிதத்தைத் தானே கண்டுபிடிக்க முடியுமா? (வாசகர், திருச்சி)

சில இடங்களில் முடிந்திருக்கிறது. 4-க்கு 4 அணிகள் (எண்களைக் கட்டங்களாக அடுக்கிய மேட்ரிக்ஸ்) இரண்டைப் பெருக்க, ஜெர்மானியக் கணித அறிஞர் ஸ்ட்ராசனின் 1969 முறைப்படி 49 பெருக்கல்கள் தேவை. 0, 1 மட்டுமே உள்ள, 1 + 1 = 0 ஆகும் எண்முறைக்கு, கூகுளின் டீப்மைண்ட் நிறுவனம் உருவாக்கிய செயற்கை நுண்ணறிவான ‘ஆல்ஃபாடென்சர்’ 2022-இல் 47 போதும் என்று கண்டது. அதே ஆய்வில் 5-க்கு 5 அணிகளுக்கு அது கண்ட 96-ஐ, ஆஸ்திரியாவைச் சேர்ந்த இரு ஆய்வாளர்கள் சில நாட்களிலேயே 95 ஆகக் குறைத்தார்கள்.

கேள்வி: இளநிலை மாணவர்கள் ஆய்வில் எதையாவது சாதிக்க முடியுமா? (கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

ஆண்ட்ரூ கிராபிவின் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவராக இருந்தபோது தொடங்கிய வேலையைச் சொல்கிறேன். தரவுகளை விரைவாகத் தேடி எடுக்கும்படி சேமித்து வைக்கும் அமைப்பான ஹேஷ் டேபிள் ஏறக்குறைய நிறைந்துவிட்டால், அதில் காலியிடம் தேடுவது கல்யாணப் பந்தியில் ஆளில்லாத இலையைத் தேடுவது போன்றது. 100-இல் 99 இலைகளில் ஆட்கள் அமர்ந்துவிட்டால், முதலில் கண்ட காலி இலையில் அமரும் எந்த முறையிலும், மோசமான நிலையில் சராசரியாக 100-ஐ ஒட்டிய அளவுக்குத் தேட வேண்டியிருக்கும் என்பது கணினி அறிஞர் ஆண்ட்ரூ யாவோ 1985-இல் முன்வைத்த கருத்து. அப்படியொரு கருத்து இருப்பதையே அறியாத கிராபிவின், வேறொரு கட்டுரையைப் படித்து, அதை மேம்படுத்த முயன்ற வழியில் யாவோவின் கருத்தைப் பொய்யாக்கும் அமைப்பை அடைந்தார். மார்ட்டின் ஃபராக்-கோல்டன், வில்லியம் குஸ்மால் ஆகிய ஆய்வாளர்களுடன் அவர் எழுதிய கட்டுரை 2025 ஜனவரியில் வெளியானது; தேடல் அந்த எண்ணோடு அல்லாமல், அதன் லாகரிதத்தின் வர்க்கத்தோடு மட்டுமே வளர்கிறது என்று அதில் நிறுவியிருக்கிறார்கள். ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்து வைக்கும் ‘ஆர்க்கைவ்’ தளத்தில் அது இலவசமாகக் கிடைக்கிறது. தரவுக் கட்டமைப்பும் நிகழ்தகவும் படித்தவராக இருந்தால், அதன் முதல் சில பக்கங்களைத் தாளும் பேனாவுமாக அமர்ந்து நீங்களே வாசித்துப் பார்க்கலாம்.