கேள்வி – பதில்: சின்ன ஊரில் மார்மன் மிஷனரிகள்

கேள்வி: என் மகள் அமெரிக்காவில், கான்சாஸ் மாநிலத்தின் மேற்குப் பக்கம் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டர். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர் அட்டையோடு இரண்டு பையன்கள் தெருத்தெருவாகப் போய்வருகிறார்களாம். யார் இவர்கள்? நாள் முழுக்க என்ன செய்கிறார்கள்?
(வாசகி, திருநெல்வேலி)

பதில்: பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் மிஷனரிகள். ஊரார் வாயில் ‘மார்மன்’. 1830-இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய சபை இது; தலைமையகம் யூட்டா மாநிலத்து சால்ட் லேக் சிட்டி. ஆண்கள் 24 மாதம், பெண்கள் 18 மாதம் ஊழியம் செய்வார்கள். ஆண்கள் 18 வயதிலேயே கிளம்பலாம்; 2012 வரை அது 19 ஆக இருந்தது. ஆணை ‘எல்டர்’ என்றும் பெண்ணை ‘சிஸ்டர்’ என்றும் குடும்பப் பெயரோடு சேர்த்து அழைப்பது வழக்கம். எந்த ஊருக்குப் போவது என்பதைச் சபைதான் முடிவு செய்யும்.

காலை ஆறரைக்கு எழுந்து அரை மணி நேரம் உடற்பயிற்சி, பிறகு குளியல், காலை உணவு. எட்டு மணி வாக்கில் தனித்தனியாக வேதப் படிப்பு. அதன்பின் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படித்து, அன்று யாரைப் பார்ப்பது, எந்த வழியாகப் போவது என்று முடிவு செய்வார்கள். பத்து மணிக்கு வெளியே. இரவு ஒன்பதுக்கு வீடு, யாருக்காவது பாடம் நடந்துகொண்டிருந்தால் ஒன்பதரை. பத்தரைக்கு விளக்கு அணையும். 2017 முதல் இதில் கொஞ்சம் நெகிழ்வு உண்டு.

சின்ன ஊரில் சிக்கல் தொடங்குவது பத்து மணிக்குப் பிறகுதான். இரண்டாயிரம், மூவாயிரம் பேர் வசிக்கும் ஊரில் எல்லாக் கதவையும் சில வாரங்களில் தட்டி முடித்துவிடலாம். பகலில் பாதி வீடுகள் பூட்டியிருக்கும், மீதியில் வயதானவர்கள். முன்பு இருந்த ஜோடி யார் வீட்டுக்குப் போனது, யார் வேண்டாம் என்றார் என்று தங்கள் கைபேசிச் செயலியில் பதிந்து வைக்காவிட்டால் புதிதாக வந்த ஜோடி அதே கதவை மறுபடி தட்டும். ஊர் எரிச்சலாவது பெரும்பாலும் இப்படித்தான். அதனால் கதவு தட்டுவதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்வதே சரி. விவரமறிந்த ஜோடி பனி தள்ளிக் கொடுக்கும், விறகு பிளக்கும், வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் தூக்கும், இலவச உணவு வழங்கும் இடத்தில் டப்பா அடுக்கும். ஒரு கிழவருக்கு வாசல்படிப் பனியை ஒதுக்கிக் கொடுத்த செய்தி அன்று மாலைக்குள் கடைத்தெரு முழுக்கப் போய்விடும். கடையில் முகம் கோணினால் அந்தச் செய்தியும் அதே வேகத்தில் போகும்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேர ஆராதனை. சின்ன ஊர்ச் சபைக்கு ‘கிளை’ என்று பெயர். சில சமயம் முப்பது பேர்கூட இருக்க மாட்டார்கள். அங்கே மிஷனரிகளே நாற்காலி போடுவார்கள், ரொட்டியையும் தண்ணீரையும் ஆசீர்வதித்துப் பரிமாறுவார்கள், ஆள் இல்லாவிட்டால் பியானோவும் வாசிப்பார்கள். பெரிய நகரச் சபையிலிருந்து வரும் பையனுக்கு இதுதான் முதல் அதிர்ச்சி. அங்கே ஊழியம் செய்ய எத்தனையோ கைகள். இங்கே இவன் கையை விட்டால் வேறு கை இல்லை.

கேள்வி: சம்பளம் எவ்வளவு?
(வாசகர், தேனி)

பதில்: சம்பளமே கிடையாது. அவர்களோ குடும்பமோதான் பணம் கட்டுகிறார்கள். அமெரிக்கக் குடும்பங்களுக்கு மாதம் 400 டாலராக இருந்தது 2020 ஜூலையில் 500 ஆனது. செலவு கூடிய ஊருக்குப் போகிறவரும் குறைந்த ஊருக்குப் போகிறவரும் ஒரே தொகைதான் கட்டுவார்கள். வாடகையை மிஷன், அதாவது அந்தப் பகுதியின் ஊழியத்தை நடத்தும் சபை அமைப்பு, பார்த்துக்கொள்ளும். சாப்பாட்டுக்கும் சில்லறைச் செலவுக்கும் மாதாமாதம் அட்டையில் பணம் ஏறும். முதல் இரண்டு வாரம் பீட்சாவும் குளிர்பானமுமாகச் செலவழித்த ஜோடிக்கு நான்காம் வாரம் சோறும் முட்டையும்தான். மாதப் பணத்தை நான்காகப் பிரித்து, வாரத்துக்கு ஒரே தடவை, பட்டியலோடு கடைக்குப் போவதே வழி. ஞாயிறன்று எதுவும் வாங்க மாட்டார்கள். பால், ரொட்டி சனிக்கிழமையே கையிருப்பில் இருக்க வேண்டும்.

கேள்வி: ஏன் எப்போதும் இருவர்? இருவருக்கும் ஒத்துப்போகாவிட்டால்?
(வாசகி, தஞ்சாவூர்)

பதில்: பாதுகாப்பு ஒரு காரணம், பொய்ப் புகாருக்கு இடம் வைக்காமல் இருப்பது இன்னொன்று. குளியலறை தவிர எங்கும் ஒருவர் பார்வையிலும் காதெட்டும் தூரத்திலும் மற்றவர் இருக்க வேண்டும். தூங்குவது ஒரே அறையில், தனித்தனிக் கட்டிலில். கார் கொடுத்திருந்தால், பின்னோக்கி எடுக்கும்போது பக்கத்தில் இருப்பவர் இறங்கிப் பின்னால் நின்று கை காட்ட வேண்டும் என்பதும் விதி. வேகம் கூடினால் காரில் பொருத்திய கருவி பேசி எச்சரிக்கும்.

ஜோடியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. மிஷன் தலைவர்தான் முடிவு செய்வார். ஏறத்தாழ ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றப் பட்டியல் வரும். பெரிய ஊரில் இன்னொரு ஜோடியோடு ஒரு நாள் மாறிக்கொண்டு மூச்சு விடலாம். சமவெளிச் சின்ன ஊரில் அடுத்த ஜோடி ஒரு மணி நேரக் கார்ப் பயணத்துக்கு அப்பால் இருக்கும். சண்டை பெரும்பாலும் மதக் கருத்தில் வருவதில்லை. கழுவாத பாத்திரம், காலையில் எழுந்திருக்காத பழக்கம், சாப்பிடும் சத்தம் இவற்றில்தான் தொடங்கும். வாரம் ஒருமுறை திட்டமிட உட்காரும்போது, உன்னிடம் எனக்கு இது கஷ்டமாக இருக்கிறது என்று நேராகச் சொல்லிவிட வேண்டும் என்பது அங்கே கற்றுக்கொடுக்கும் முறை. ஆறு வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும் என்று நினைக்கிற ஜோடிதான் மூன்றாம் வாரத்தில் உடைகிறது.

கேள்வி: சைக்கிளில் போகிறவர்களுக்குத் தினமும் பஞ்சராமே?
(வாசகர், ஈரோடு)

பதில்: உண்மை. எதிரி நமக்குத் தெரிந்ததுதான்: நெருஞ்சி முள். நம் ஊர்க் கரிசல் காட்டில் காலில் குத்தும் அதே செடி அமெரிக்க மேற்கிலும் சமவெளியிலும் படர்ந்துவிட்டது. சாலை ஓரத்து மண்ணிலும் காலி மனையிலும் கிடக்கும். காய் உடைந்து சிதறும் துண்டு எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்த்துத்தான் நிற்கும்.

மூன்று காப்பு வேண்டும். தடித்த டியூப், டயருக்கும் டியூபுக்கும் நடுவே பிளாஸ்டிக் பட்டை, டியூபுக்குள் ஓட்டை அடைக்கும் திரவம். திரவம் மட்டும் போதும் என்று விட்டால் சில மாதத்தில் அது காய்ந்துவிடும். முள் குத்தியது தெரிந்தால் உடனே பிடுங்க வேண்டாம். அதுவே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கலாம். வீடு போய்ச் சேர்ந்து பிடுங்கி ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு டயரின் உள்பக்கத்தை ஒரு துணியால் சுற்றித் தடவிப் பார்க்க வேண்டும். உடைந்த முள் முனை அங்கேயே நின்று, மாற்றிய டியூபையும் குத்தும். காற்று குறைவாக வைத்து ஓட்டினாலும் டியூப் நசுங்கிக் கிழியும்.

முள்ளைவிடக் கொடியது காற்று. மேற்குக் கான்சாஸில் எதிர்க்காற்று அடிக்கும் நாளில் ஐந்து கிலோமீட்டர் பத்தாகத் தெரியும். காலையில் காற்றுக்கு எதிராகப் போய், களைத்த மாலையில் காற்றோடு திரும்பும்படி வழியை அமைத்துக்கொள்ள வேண்டும். ஹெல்மெட் கட்டாயம். தெருவில் உறைபனி படிந்தால் சைக்கிளை விட்டுவிட்டு நடப்பதே நல்லது. பருத்திக் காலுறை நனைந்தால் காய்வதில்லை, கால் விறைத்துவிடும். கம்பளிக் காலுறை போடுங்கள். வசந்தத்தில் சூறாவளிச் சைரன் ஊதினால் எந்த வீட்டு வாசலில் நின்றாலும் தயங்காமல் அந்த வீட்டின் நிலவறையில் ஒதுங்க இடம் கேட்கலாம்.

கேள்வி: வீட்டோடு பேசலாமா?
(வாசகி, சேலம்)

பதில்: பேசலாம். 2019 பிப்ரவரி வரை வீட்டுக்குத் தொலைபேசி என்பது கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான். மற்றபடி வாராந்திர மின்னஞ்சல். இப்போது வாரம் ஒருநாள், பெரும்பாலும் திங்களன்று, வீடியோவிலேயே பேசலாம். அந்த நாளில்தான் துணி துவைப்பு, முடிவெட்டு, கடை எல்லாம். மாலை ஆறு மணிக்கு மறுபடி ஊழியம். வீட்டில் சலவை இயந்திரம் இல்லாவிட்டால் காசு போட்டுத் துவைக்கும் கடைக்குப் போக வேண்டும், அதற்கு 25 சென்ட் நாணயங்களை வாரம் முழுக்கச் சேர்த்து வைக்க வேண்டும்.

கேள்வி: மகள் வீட்டுக்கு அவர்கள் வந்தால் எப்படி உபசரிப்பது? வேண்டாம் என்றால் எப்படிச் சொல்வது?
(முதல் கேள்வி கேட்ட திருநெல்வேலி வாசகியே)

பதில்: காபியும் தேநீரும் குடிக்க மாட்டார்கள், மது, புகையிலையும் கிடையாது. 1833-இலிருந்து வரும் கட்டுப்பாடு. காப்பித்தூள் சேராத சுக்குமல்லி தடையில்லை. மாமிசம் சாப்பிடுவார்கள். காரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தோசை, தயிர்ச்சாதம், உருளைக்கிழங்குப் பொரியல் என்றால் கவலையே இல்லை. மாதத்தின் முதல் ஞாயிறு பெரும்பாலும் உண்ணா நோன்பு, அன்று மதிய விருந்துக்குக் கூப்பிட வேண்டாம்.

மகள் தனியாக இருந்தால் அந்த இரு பையன்களும் உள்ளே வர மாட்டார்கள். வளர்ந்த இன்னொரு ஆண் கூட இருந்தால்தான் வரலாம் என்பது விதி. வாசலிலேயே நிற்பதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்தால் மகிழ்ந்து வாங்கிக்கொள்வார்கள்.

மதப் பேச்சு வேண்டாம் என்றால் அழைக்கும்போதே சொல்லிவிடலாம். இனி வரவே வேண்டாம் என்றாலும் சிரித்துக்கொண்டு தெளிவாகச் சொல்லலாம். ‘இப்போது நேரமில்லை’ என்றால் அடுத்த வாரம் வருவார்கள், தவறு அவர்களுடையதல்ல. விற்பனையாளர் வரக்கூடாது என்ற பலகை வைத்தால் போதுமா என்று சிலர் கேட்பார்கள். பணம் கேட்காமல் மதம் பேச வீடு வீடாகப் போக ஊராட்சியின் அனுமதிச் சீட்டு தேவையில்லை என்று ஒஹையோவின் ஸ்ட்ராட்டன் என்ற சிற்றூர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்தது. அது யெகோவாவின் சாட்சிகள் போட்ட வழக்கு. பலகை வைப்பதை அந்தத் தீர்ப்பு தடுக்கவில்லை. ஆனாலும் பலகையைவிட வாய்ச்சொல்லே பலன் தரும். ‘இந்த முகவரிக்கு வர வேண்டாம் என்று உங்கள் செயலியில் பதிந்துவிடுங்கள்’ என்று கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அடுத்த இடமாற்றத்தில் வரும் புது ஜோடிக்கும் அந்தக் குறிப்பு போய்ச் சேரும்.