கொள்ளு மூட்டையை இப்போது அவிழ்க்காதீர்கள்

கால்நடைக் கேள்வி – பதில்

கேள்வி: டாக்டர் ஐயா, பொள்ளாச்சி சந்தைக்குக் கறவை மாடு பார்க்கப் போன என் வீட்டுக்காரர், ஒரு பெட்டைக் குதிரையோடு திரும்பி வந்துவிட்டார். லாரி ஓரத்தில் எலும்பும் தோலுமாகக் கட்டியிருந்ததாம். ‘இன்னைக்கு யாரும் வாங்கலைன்னா கறிக்குத்தான்’ என்று தரகர் சொன்னதும் மனசு கேட்கவில்லையாம். மாமியார் கொள்ளு வேகவைத்துக்கொண்டிருக்கிறார். எவ்வளவு வைக்கலாம்?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: அம்மா, அந்தக் கொள்ளை மாட்டுக்கு வையுங்கள். குதிரைக்கு ஒரு பிடிகூட வேண்டாம். கடிதம் கிடைத்த அன்றே உங்களைப் போனில் கூப்பிட்டு இதைச் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்கும் தெரியட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேலந்தாவளத்தில் ஒரு ஜட்கா வண்டிக்காரரின் குதிரையைப் பார்க்கப் போனேன். வண்டிக்காரர் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்ததால் குதிரையும் பட்டினி. ‘நல்லாப் போடுங்க, தேறிடும்’ என்று நானே சொன்னேன். அந்த வீட்டு அம்மா கடன் வாங்கிக் கொள்ளு வாங்கிப் போட்டார். குதிரை ஆசையாகத் தின்றது. நாலாம் நாள் விடியற்காலையில் கால் நடுங்கிப் படுத்தது, எழுந்திருக்கவில்லை. பசியால் சாகவில்லை, நான் சொல்லிப் போட்ட தீனியால் செத்தது. அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. இன்றைக்கும் அது என் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது.

நடந்தது இதுதான். நெடுநாள் பட்டினி கிடந்த உடம்பு, தன் சதையையே கரைத்து உயிர் வாழ்கிறது. அந்த நிலையில் மாவுச்சத்துள்ள தானியம் உள்ளே போனால் இன்சுலின் திடீரென்று சுரக்கும். ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பரஸ், மெக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் செல்களுக்குள் பாய்ந்துவிடும். ரத்தத்தில் இவை குறைந்தால் இதயமும் மூச்சும் தடுமாறும். தீனி போடத் தொடங்கிய மூன்றிலிருந்து பத்து நாளுக்குள் ஆபத்து. ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்பது உங்கள் மாமியாருக்கும் தெரிந்திருக்கும். கொள்ளு யாருக்கு என்று அதிலேயே இருக்கிறது.

சரி, என்ன போடுவது? நம் பக்கம் தோட்டங்களில் விளையும் குதிரை மசால் என்ற தீவனப் பயிர். அதில் மாவுச்சத்து குறைவு, புரதமும் தாதுச்சத்தும் உண்டு. உலர்த்தி, இலை உதிராமல் வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று நாள், 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை சுமார் 450 கிராம். ராத்திரியும் எழுந்து போட வேண்டும். இது பெரிய குதிரைக்கான கணக்கு, மட்டக்குதிரை என்றால் இன்னும் குறையுங்கள். நாலாம் நாளிலிருந்து அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, வேளைகளைக் குறைக்கலாம். பத்து நாளுக்குப் பிறகு விரும்பிய அளவு தின்னட்டும். தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். உடம்பு பழையபடி வர மூன்று முதல் ஐந்து மாதம் ஆகும், அவசரப்படுத்தாதீர்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தில் தரையைப் பார்த்தேன். பாதி மென்ற புல், எலுமிச்சை அளவு உருண்டைகளாகக் கிடக்கிறது. அப்படியென்றால் கடைவாய்ப் பல் கூர்மையாக வளர்ந்து கன்னத்தைக் கிழிக்கிறது. கால்நடை மருத்துவர் அரத்தால் தேய்த்துச் சரிசெய்வார். குளம்பும் செருப்பு மாதிரி நீண்டிருக்கிறது, லாடம் கட்டுபவரிடம் காட்டுங்கள். டெட்டனஸ் ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். குடற்புழு மருந்தை மட்டும் உடம்பு கொஞ்சம் தேறிய பிறகு, மருத்துவரைக் கேட்டுக் கொடுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் குதிரைகளை ஏலத்தில் எடுத்துக் காப்பாற்றுகிறார்களாமே, அது நல்ல வழியா?
– கல்லூரி மாணவர், கோபாலபுரம்

பதில்: தம்பி, அங்கே குதிரை வெட்டும் கூடங்கள் 2007-ல் மூடப்பட்டுவிட்டன. அதற்குப் பிறகும் வியாபாரிகள் ஏலத்தில் வாங்கி, கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் லாரியில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். காப்பாற்றிய கதை அதற்கு வெகுகாலம் முன்பே உண்டு. 1956-ல் ஹாரி டிலேயர் என்பவர் பென்சில்வேனியாவில் நியூ ஹாலந்து ஏலத்துக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். மிச்சக் குதிரைகள் கறிக்கூட லாரியில் ஏறியிருந்தன. அதிலிருந்து ஏர் உழுத ஒரு வெள்ளைக் குதிரையை 80 டாலர் கொடுத்து இறக்கினார். பக்கத்து ஆளுக்கு விற்றபோது அது வேலி தாண்டித் தாண்டித் திரும்பி வந்தது. ஸ்னோமேன் என்ற அந்தக் குதிரைதான் 1958-ல் தடை தாண்டும் போட்டியில் சாம்பியன்.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. நாம் கொடுக்கும் பணம் அதே வியாபாரி கைக்குத்தான் போகிறது, அவர் அடுத்த வாரம் இன்னொன்றைக் கொண்டுவருவார். தத்தமங்கலம் குதிரையோட்டத்துக்கு ஆசையாக வாங்கி, அப்புறம் தீனி போட முடியாமல் திண்டாடும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அப்போதே ஒரு கட்டு மசாலோடு போய் நின்றால், குதிரை சந்தைக்கே வராது.

கேள்வி: மீட்ட குதிரையை மற்ற குதிரைகளோடு கட்டலாமா?
– வாசகர், மீனாட்சிபுரம்

பதில்: கூடாது. குறைந்தது மூன்று வாரம் தனியாகக் கட்டுங்கள், வாளி, தும்பு எல்லாம் தனி. கிளாண்டர்ஸ் நோய் மனிதருக்கும் தொற்றும். மூக்கில் சளியோ தோலில் புண்ணோ தெரிந்தால் ரத்தப் பரிசோதனை கட்டாயம். ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் அதைச் செய்கிறது. ரத்தம் எடுத்து அனுப்ப உங்கள் ஊர் கால்நடை மருத்துவமனையில் கேளுங்கள்.