சின்னக் கல்லூரியில் என்.எஸ்.எஸ்., என்.சி.சி., மன்றங்கள்: முதலாண்டு மாணவர்களுக்குக் கேள்வி பதில்

தாலுகா ஊர் ஒன்றில் இருக்கும் அரசு கலைக் கல்லூரியில் பொருளியல் நடத்துகிறேன். என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) திட்ட அலுவலராகவும் இருந்திருக்கிறேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் கேளுங்கள் என்று சொன்னதும் நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. சேர்க்கை, கட்டணம், டி.சி. பற்றியெல்லாம் உங்கள் கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள், அது நான் பதில் சொல்லும் விஷயம் இல்லை.

சார், எங்கள் கல்லூரி ரொம்பச் சின்னது. கல்ச்சுரல்ஸ் கிடையாது, மன்றங்களும் பேருக்குத்தான். இங்கே படித்து என்ன ஆகப்போகிறது? (முதலாண்டு, பி.ஏ. வரலாறு)

தம்பி, பெரிய கல்லூரியில் மேடையில் மைக் பிடிக்க மூன்று வருஷம் காத்திருந்தும் கிடைக்காமல் போனவர்களை எனக்குத் தெரியும். நம்மைப் போன்ற கல்லூரியில் பட்டிமன்றம் என்றால் அணிக்கு மூன்று பேர், ஆறு பேர் சேர்வதே கஷ்டம், அதனால் பேசத் தெரியாது என்று ஒதுங்குகிற பையனையும் இழுத்து வந்து நிறுத்துகிறோம். அப்படி நின்றவர்கள்தான் அப்புறம் துறை மன்றத்துக்குச் செயலாளர் ஆகிறார்கள். சிறப்பு விருந்தினரைப் போனில் அழைப்பது, அழைப்பிதழில் பெயர் வரிசையைத் தப்பில்லாமல் போடுவது, பேனர் செலவுக்குக் கணக்கு எழுதி முதல்வரிடம் கையெழுத்து வாங்குவது என்று எல்லாமே அவர்கள் தலையில்தான் விழும். மன்றம் பேருக்கு இருக்கிறது என்றால் அதை நடத்த ஆள் இல்லை என்று அர்த்தம், நீங்கள் போய்த் துறைத் தலைவரிடம் கேளுங்கள். ஒன்றே ஒன்று: எல்லாவற்றிலும் பெயர் கொடுக்காதீர்கள். ஒன்றில் சேருங்கள், இரண்டு வருஷம் அதில் இருங்கள்.

என்.எஸ்.எஸ்.ஸா, என்.சி.சி.யா? எதற்கு மதிப்பு அதிகம்?

உங்களுக்கு என்ன வேண்டும் என்பதைப் பொறுத்தது. ராணுவம், காவல்துறை என்று மனதில் இருந்தால் என்.சி.சி. (தேசிய மாணவர் படை). இரண்டாம் ஆண்டில் 'பி' சான்றிதழ், அதை முடித்தால் மூன்றாம் ஆண்டில் 'சி'. அணிவகுப்புக்கு 75 சதவீத வருகை வேண்டும், முகாமும் போயிருக்க வேண்டும். 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' கிரேடும் பட்டப்படிப்பில் 50 சதவீதமும் இருந்தால் ராணுவத்தின் என்.சி.சி. சிறப்பு நுழைவுக்கு விண்ணப்பிக்கலாம், ராணுவ அதிகாரி வேலைக்கான சி.டி.எஸ். எழுத்துத் தேர்வு இல்லாமலே எஸ்.எஸ்.பி. என்ற தேர்வு வாரியத்தின் நேர்காணலுக்குத் தேர்வாக வழி இருக்கிறது. 

என்.எஸ்.எஸ். வேறு வகை. காந்தி நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. வருஷத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருஷத்தில் 240, கூடவே ஒரு கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம். ஓர் அலகுக்கு 100 பேர், முகாமுக்குப் பாதிப் பேர்தான் போக முடியும். ஒழுங்காக வருகிறவர்களைத்தான் திட்ட அலுவலர் அழைத்துப் போவார்.

இரத்த தான முகாமில் என்னை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவமானமாக இருந்தது.

இதில் அவமானப்பட ஒன்றுமே இல்லை அம்மா. 18 வயது நிரம்ப வேண்டும், முதலாண்டில் பாதிப் பேருக்கு 17தான் இருக்கும். எடை 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். நம் பெண் பிள்ளைகளில் நிறையப் பேர் இந்த ஹீமோகுளோபினில்தான் நின்றுபோகிறார்கள். காலையில் சாப்பிடாமல் பஸ் பிடித்து வருகிற பழக்கத்தை முதலில் விடுங்கள். அரசு மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவர் மாத்திரை கொடுத்தால் ஒழுங்காகப் போடுங்கள். அதுவரை முகாமில் உதவும் செஞ்சுருள் சங்கத்தில் (ரெட் ரிப்பன் கிளப்) பதிவு மேசையில் உட்காருங்கள், அங்கே ஆள் எப்போதும் போதாது.

போட்டிக்குப் போனால் வருகைப்பதிவு போய்விடுமா?

ஓ.டி. கடிதம் (ஆன் டியூட்டி, கல்லூரி சார்பாக வெளியே போகிறேன் என்ற கடிதம்) கொடுத்தால் போகாது. ஆனால் போவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். துறைத் தலைவர் கையெழுத்துப் போட்ட கடிதத்தின் நகல் ஒன்று உங்களிடமும் இருக்கட்டும். செமஸ்டர் கடைசியில் 75 சதவீதத்துக்குக் கீழே வந்து நின்று, 'சார், நான் கபடிக்குப் போனேன்' என்று சொன்னால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது, வருகைக் குறைவை மன்னிப்பதற்கான காண்டனேஷன் கட்டணம்தான் கட்ட வேண்டும். அதற்கும் ஒரு வரம்பு உண்டு.

என்.எஸ்.எஸ். சான்றிதழ் எப்போது தருவார்கள்?

240 மணி நேரமும் முகாமும் முடிந்த பிறகு.

புதுமைப் பெண் திட்டத்தில் ஆயிரம் ரூபாய் இந்த மாதம் வரவில்லை.

உங்கள் கல்லூரியில் அதற்கென ஒரு பொறுப்பாசிரியர் இருப்பார். ஆதாரையும் வங்கிக் கணக்குப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு அவரிடம் போங்கள். பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் பற்றிக் கேட்டவர்களுக்கும் இதுதான் பதில்.

சார், தப்பாக நினைக்காதீர்கள். நான் இதே மாதிரி ஒரு கல்லூரியில் படித்தவன். என்.எஸ்.எஸ். முகாமில் ஏழு நாளும் கோயில் வாசலைப் பெருக்கினோம், கருவேல முள் வெட்டினோம், போட்டோ எடுத்தோம். அடுத்த வருஷம் முள் அங்கேயேதான் இருந்தது. இதற்கா கல்லூரி? (முன்னாள் மாணவர்)

முள் விஷயத்தில் நீங்கள் சொல்வது முழு உண்மை. சீமைக்கருவேலத்தை அரிவாளால் தரையோடு வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து நாலைந்து கிளையாகத் தழைத்து வரும், அதை வேரோடு எடுக்க ஜேசிபிதான் வேண்டும். பழக்கமில்லாத பிள்ளைகள் கையில் அரிவாளைக் கொடுத்து அந்த வேலையை வாங்குவதை நான் எப்போதும் எதிர்த்தே வந்திருக்கிறேன்.

ஆனால் அதனால் முகாமே வீண் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். நாங்கள் காலையில் இரண்டு மணி நேரம்தான் உடலுழைப்பு வைப்போம், மீதி நேரத்தில் பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராக வீடு வீடாகப் போய் எழுதி வர வேண்டும். யார் பள்ளிப் படிப்பை நிறுத்தினார்கள், வயதானவர்களில் யாருக்கு முதியோர் உதவித்தொகை வரவில்லை, ஏன் வரவில்லை என்று. அப்படி ஒரு முகாமில் ஒரு பாட்டிக்கு ஆதாரில் வயது குறைவாகப் பதிவாகி, மனு திரும்பி வந்திருந்தது தெரிந்தது. மகனுக்கே ஐம்பது நெருங்குகிறது, ஆதாரில் பாட்டிக்கும் ஐம்பத்துச் சொச்சம். இரண்டு மாணவிகள் இ-சேவை மையம், வி.ஏ.ஓ. அலுவலகம், தாலுகா அலுவலகம் என்று அந்தப் பாட்டியோடு அலைந்தார்கள். முகாம் முடிந்தது, வேலை முடியவில்லை. பணம் வரத் தொடங்கியபோது அந்த மாணவிகள் மூன்றாமாண்டுக்கு வந்துவிட்டார்கள். வறுமை, சமூகப் பாதுகாப்பு என்று நான் வகுப்பில் நடத்தியது அவர்களுக்கு எப்படிப் புரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தத்தெடுத்த கிராமத்தை வருஷா வருஷம் மாற்றாமல் வைத்திருந்தால்தான் இதெல்லாம் நடக்கும்.

அது அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை சார். மாணவர்களை வைத்து ஏன் செய்கிறீர்கள்? (அதே முன்னாள் மாணவர்)

அரசாங்கம்தான் செய்தது, உத்தரவு போட்டதும் தாசில்தார்தான். அந்தப் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, மனு எந்த மேசையில் நிற்கிறது என்று கேட்க ஆள் இல்லை. படித்த பிள்ளை ஒன்று கூடப் போய் நின்றதில் என்ன தவறு? நாளைக்கு இதே பிள்ளைகள் குரூப் 4 எழுதி அந்த மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரப் போகிறவர்கள். மனு கொடுத்தவர் எப்படிக் காத்து நிற்கிறார் என்பதை இந்தப் பக்கம் நின்று ஒருமுறை பார்த்துவிட்டுப் போகட்டும்.

என்.சி.சி. முகாமில் ஒழுக்கம் கற்றுத் தருவார்கள். என்.எஸ்.எஸ். முகாமில் சாப்பிட்டுத் தூங்குகிறார்கள். (என்.சி.சி. மாணவர்)

தம்பி, இந்தச் சண்டை வேண்டாம். ஐந்து மணிக்கு எழுந்து ஐம்பது பேருக்கு உப்புமா கிண்டுவதும் பிள்ளைகள்தான், அண்டாவைத் தேய்ப்பதும் அவர்கள்தான். உங்கள் பயிற்சியும் நல்லது, இதுவும் நல்லது.

என்.எஸ்.எஸ்.ஸா, என்.சி.சி.யா சார்?

மேலே விரிவாக எழுதியிருக்கிறேன். படித்துவிட்டுக் கேளுங்கள்.

ஓ.டி.யைப் போய் வந்த பிறகு கொடுக்கலாமா?

முன்பே கொடுங்கள். இதே கேள்வியை இன்னும் நாலு பேர் கேட்டிருக்கிறீர்கள், எல்லாருக்கும் இதுதான் பதில்.

பகுதி 1 தமிழில் அரியர் இருந்தால் பரவாயில்லையா? மேஜர்தானே முக்கியம்?

பரவாயில்லை என்று யார் சொன்னது? தமிழில் அரியர் நின்றால் பட்டமே வராது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4இல் தமிழ்த் தகுதிப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதி விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். படியுங்கள்.

சீனியர்கள் ராகிங் செய்கிறார்கள். சொன்னால் பிரச்சினை ஆகுமா?

சொல்லாமல் இருந்தால்தான் பிரச்சினை. ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522, இருபத்து நாலு மணி நேரமும் அழைக்கலாம். நம்பும் ஆசிரியர் ஒருவரிடமும் இன்றைக்கே சொல்லுங்கள்.

என்.எஸ்.எஸ். முகாமுக்காக ஏழு நாள் வெளியே தங்க வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள். நான் பெண். என்ன செய்வது?

அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது அம்மா. பேராசிரியைகள் யாராவது ராத்தங்கல் வருகிறார்களா, பெண்கள் எங்கே தங்குகிறார்கள், கழிப்பறை, தண்ணீர் எப்படி என்று முதலில் நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம் அப்பாவையோ அம்மாவையோ கல்லூரிக்கு அழைத்து வந்து அந்தப் பேராசிரியையிடமே பேச விடுங்கள், போனில் சொல்வதைவிட நேரில் பார்த்தால் சம்மதிப்பார்கள். இரண்டாவது நாள் அவர்களே முகாமுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்றும் சொல்லுங்கள். அப்படியும் விடவில்லை என்றால் பகலில் மட்டும் வந்து போக அனுமதி கேளுங்கள், பக்கத்துக் கிராமமாக இருந்தால் சில திட்ட அலுவலர்கள் ஒத்துக்கொள்வார்கள்.