பையை மாற்றித் தைத்துவிட்டேன், வழக்கு நிற்குமா?

கேள்வி: குடியாத்தத்தில் திருமணப் புகைப்படம் எடுத்துப் பிழைக்கிறேன். என் எடை 128 கிலோ, இடுப்புச் சுற்றளவு 52 அங்குலம். தை மாதம் வேலூரில் ஒரு கடையில் 14,500 ரூபாய்க்கு கேமரா முதுகுப்பை வாங்கினேன். வாங்கும் முன்பே வாட்ஸ்அப்பில் என் இடுப்பு அளவைச் சொல்லிக் கேட்டேன். ‘54 அங்குலம் வரை தாராளமாகப் பொருந்தும்’ என்று பதில் வந்தது. வீட்டில் மாட்டிப் பார்த்தால் இடுப்புக் கொக்கி சேரவே இல்லை, ஒரு சாண் இடைவெளி. மறுநாள் திருப்பிக் கொடுக்கப் போனபோது மாற்றித் தரவில்லை. ஊழியர்கள் என் உடம்பைப் பார்த்துச் சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் பேரணாம்பட்டில் தோல் தைக்கும் அண்ணன் ஒருவரிடம் கொடுத்து இடுப்பு வாரை நீட்டித் தைத்துக்கொண்டேன். ஆவணியில் ஒரு திருமணத்துக்காக வள்ளிமலைப் படி ஏறும்போது இடது தோள் வார் அறுந்து பை உருண்டது. 70-200 லென்ஸ் உடைந்தது. பழுது பார்க்க 62,000 ரூபாய் கேட்கிறார்கள். திருமண வீட்டாரும் பணம் தரவில்லை. முதுகு வலியும் சேர்ந்துகொண்டது. 5 லட்ச ரூபாய் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட விரும்புகிறேன். கடைக்காரர் புதிய பையும் 20,000 ரூபாயும் தருவதாகச் சொல்கிறார். தோல் தைத்த அண்ணனோ, ‘நான் தைத்ததைப் பிரித்துவிடுகிறேன், தடயமே தெரியாது’ என்கிறார். அப்படிச் செய்துவிட்டு வழக்குப் போடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பிரிக்காதீர்கள். அந்தப் பையில் இனி ஒரு நூல்கூட அசையக் கூடாது. அந்த அண்ணன் உங்கள்மீது உள்ள அன்பினால்தான் சொல்கிறார். ஆனால் அந்த யோசனை உங்கள் இருவரையும் குற்றவியல் வழக்கில் கொண்டுபோய் நிறுத்தும்.

உங்கள் வழக்கு ஒரே ஒரு கேள்வியில் நிற்கிறது. வார் அறுந்த நேரத்தில் உங்கள் முதுகில் இருந்தது கடைக்காரர் விற்ற பையா, நீங்கள் மாற்றிய பையா? கடிதத்தில் மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதில் சட்டத்துக்கு வேண்டியது, பேரணாம்பட்டில் தைத்தது பற்றிய ஒரு வரியும், அந்த வாட்ஸ்அப் செய்தியும்தான்.

உடம்பைப் பார்த்துச் சிரித்தது அநாகரிகம். படித்தபோது எனக்கும் கோபம் வந்தது. ஆனாலும் மனுவில் அது ஒரு வரிக்குமேல் வேண்டாம். சாட்சி இல்லை, பதிவு இல்லை, சிரித்ததற்கென்று நுகர்வோர் ஆணையம் லட்சக்கணக்கில் எழுதப்போவதும் இல்லை. திருமண வீட்டார் தராத பணத்தையும் விட்டுவிடுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பொருள் பொறுப்பில் (பொருளின் குறையால் நேர்ந்த தீங்குக்கு விற்றவர் முதலானோர் ஏற்க வேண்டிய பொறுப்பு) ‘தீங்கு’ என்பதற்குச் சொல்லும் விளக்கத்தில், வணிக இழப்பையும் பொருளாதார இழப்பையும் வெளிப்படையாகவே விலக்கிவைத்திருக்கிறது. முதுகு வலியைச் சேர்த்தால் எதிர்த்தரப்பு உங்கள் பழைய மருத்துவச் சீட்டுகளையெல்லாம் கேட்கும். பத்து வருடமாகப் பாரம் தூக்கும் தொழில் உங்களுடையது, வலி இந்தப் பையால்தான் வந்தது என்று எந்த மருத்துவர் எழுதித் தருவார்?

இவை போக மிஞ்சுவது பையின் விலை 14,500, லென்ஸ் 62,000. இவை இரண்டும் தனித்தனி வழக்குகள். நீங்கள் ஒன்றாகக் குழைத்துவிட்டீர்கள்.

முதலாவது, பொருந்தாத இடுப்பு வார். இதில் உங்கள் கை ஓங்கியிருந்தது. அளவைச் சொல்லி, விற்பவரின் சொல்லை நம்பி வாங்கியிருக்கிறீர்கள். 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம் 16ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. நுகர்வோர் சட்டத்திலும் விற்பவர் எந்த வகையில் உறுதி சொல்லியிருந்தாலும் அந்தத் தரத்துக்குக் குறைந்தால் அது குறைபாடுதான். மாற்றித் தர மறுத்த அன்றே நோட்டீஸ் அனுப்பியிருந்தால், இன்று உங்கள் பணம் கையில் இருந்திருக்கும். நீங்களோ தைக்கக் கொடுத்துவிட்டீர்கள். பொருளை உங்களுடையதாக எடுத்துக்கொண்டதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. அதன்பின் ‘பொருள் வேண்டாம், திருப்பி எடுத்துக்கொள்’ என்று சொல்லும் உரிமை போய்விடும். நஷ்டஈடு கேட்கும் உரிமை மட்டும் மிஞ்சும். இந்தப் பகுதியில் மட்டும் அந்தத் தையல் உங்களுக்குச் சாட்சியும்கூட. வார் எட்டியிருந்தால் எவன் காசு கொடுத்து நீட்டித் தைப்பான்?

இரண்டாவது, உடைந்த லென்ஸ். இங்கே அதே தையல் உங்கள் கழுத்தைப் பிடிக்கிறது. நுகர்வோர் சட்டத்தின் 87ஆம் பிரிவு முதல் உட்பிரிவைக் கடைக்காரரின் வழக்கறிஞர் முதல் நாளே வாசிப்பார்: தீங்கு நேர்ந்த சமயத்தில் பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டோ மாற்றப்பட்டோ திருத்தப்பட்டோ இருந்தால், விற்பனையாளர்மீது பொருள் பொறுப்பு வழக்குத் தொடர முடியாது. தைத்தது இடுப்பு வார், அறுந்தது தோள் வார் என்று நீங்கள் சொல்வீர்கள். நல்ல வாதம்தான், நானும் அதைத்தான் வைப்பேன். அதற்கு அவர் பதில் தயாராக வைத்திருப்பார். முதுகுப்பையில் இடுப்பு வார்தான் பாரத்தின் பெரும்பங்கை இடுப்பெலும்புக்கு இறக்குகிறது. நீட்டித் தைத்த துண்டு தளர்ந்தால் அந்தப் பாரம் அப்படியே தோளுக்கு ஏறும். தோள் வார் அறுந்தது அதனால்தான் என்பார். ஆணையம் அதை நம்பாது என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

ஆற்காட்டிலிருந்து ஒரு தையல்காரர் சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்தார். புது மோட்டார் மூன்றாம் மாதத்தில் கருகிவிட்டது. கோபத்தில் வெளியே கொடுத்துச் சுருளை மாற்றிவிட்டு, கருகிய பழைய சுருளைக் குப்பையில் போட்டுவிட்டு வந்திருந்தார். ரசீது இருந்தது, உத்தரவாத அட்டை இருந்தது, கருகியதைப் பார்த்த இரண்டு பேர் இருந்தார்கள். பொருள்தான் இல்லை. சோதனைக்கு அனுப்ப எதுவும் இல்லாமல் வழக்கு தோற்றது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று நம் பக்கம் முழுவதும் கைத்தொழில் தெரிந்தவர்கள் நிறைந்த ஊர்கள். எது உடைந்தாலும் சரிசெய்துதர ஒரு அண்ணனோ மாமாவோ இருக்கிறார். அந்தப் பழக்கம்தான் என்னிடம் வருபவர்களின் வழக்குகளைக் கெடுக்கிறது. முதலில் சரிசெய்கிறார்கள், பிறகு வழக்கறிஞரைத் தேடுகிறார்கள்.

நீங்கள் கேட்பது அதைவிட மோசமானது. தைத்ததைப் பிரித்தால் தெரியாது என்கிறாரே அவர், உங்கள் லென்ஸ்களில் நெருக்கப் படம் எடுக்கும் ஒன்றை மாட்டி அந்த வாரைப் பாருங்கள். தொழிற்சாலைத் தையல் இறுக்கமாக, ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாகப் பலமுறை ஓடியிருக்கும். கைத்தையலில் குத்தூசி நுழைந்த ஓட்டை பெரியது, மெழுகு நூலின் கறை ஓரத்தில் இருக்கும். நைலான் வாரில் ஊசி அறுத்த இழைகள் திரும்பச் சேராது. பிரித்த பிறகு அந்த ஓட்டைகள் வரிசையாக நின்று சாட்சி சொல்லும். குறைபாட்டைச் சோதித்துத்தான் அறிய வேண்டும் என்றால், ஆணையம் பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். அதன் கட்டணத்தையும் நீங்கள்தான் கட்டுவீர்கள். உங்கள் காசிலேயே உங்கள் பொய் அறிக்கையாக வந்து சேரும். நுகர்வோர் வழக்கு பிரமாண வாக்குமூலத்தின்மேல் நடப்பது, ஆணையத்தின் முன் நடப்பது நீதிமன்ற நடவடிக்கையாகவே சட்டத்தில் கருதப்படுகிறது. பொய்ச் சாட்சியம் புனைவதற்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 7 ஆண்டு வரை சிறை இருக்கிறது. 62,000 ரூபாய்க்காக இதைத் தொடுவீர்களா?

இன்னொரு ஆபத்தையும் நீங்கள் யோசிக்கவில்லை. பொருளைப் பழுது பார்ப்பவரும் ‘விற்பனையாளர்’ என்ற சொல்லுக்குள் வரக்கூடிய வகையில்தான் நுகர்வோர் சட்டத்தின் விளக்கம் எழுதப்பட்டிருக்கிறது. கடைக்காரர், ‘கெடுத்தது நான் இல்லை, அவர்தான், அவரையும் சேருங்கள்’ என்பார். இருநூறோ முந்நூறோ கூலி வாங்கி உங்களுக்கு உதவிய மனிதர் வாய்தாவுக்கு வாய்தா பேரணாம்பட்டிலிருந்து பஸ் ஏறி வந்து நிற்பார். ஒரு நாள் வேலையை விட்டால் அன்றைய சாப்பாடு போகும் நிலையில் இருப்பவராக அவர் இருந்தால், அந்தப் பாவம் யாரைச் சேரும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆகவே சமரசம் செய்யுங்கள். தயங்காமல் சொல்கிறேன், இந்த வழக்கை நான் நடத்த விரும்பவில்லை, பணம் உங்கள் கைக்கு வந்து பார்க்கவே விரும்புகிறேன். ஆனால் கடைக்காரர் சொல்கிறபடியே வாங்காதீர்கள். புதிய பையைப் பெற்றுக்கொள்வதாக ஒப்புக்கொண்டீர்களா என்று கடிதத்தில் தெளிவாக இல்லை. ஒப்புக்கொள்ளாதீர்கள். அதே மாதிரிப் பை அதே ஒரு சாண் இடைவெளியோடுதான் வரும். விலையை 14,500 ரூபாயாகவே கேளுங்கள். லென்ஸுக்கு 40,000-இல் தொடங்கி 25,000-இல் நில்லுங்கள். அவர் இறங்கி வந்ததற்குக் காரணம் அந்த 54 அங்குலச் செய்தி. அது அவருக்கும் பயம்தான். அதை அழிக்காமல், கைபேசியை மாற்றாமல் வைத்திருங்கள். தேவைப்பட்டால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றோடு (மின்னணு ஆவணங்களுக்கான சான்று) தாக்கல் செய்துகொள்ளலாம்.

பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகே ‘முழுத் தீர்வு’ கடிதத்தில் கையெழுத்திடுங்கள். அதுவரை பழைய பையையும் கொடுக்காதீர்கள், முதலில் அதைத்தான் கேட்பார்கள். பேச்சு நடக்கிறது என்று காலத்தையும் விடாதீர்கள். வழக்குப் போட 2 ஆண்டு, பேச்சுவார்த்தை அந்தக் கடிகாரத்தை நிறுத்தாது. பை வாங்கிய தை மாதத்திலிருந்தே எண்ணுங்கள், அதுதான் பாதுகாப்பு. காட்பாடியில் ஓர் அம்மா, ‘அடுத்த மாதம், அடுத்த மாதம்’ என்று கடைக்காரர் சொன்னதை நம்பி இருபத்தாறாம் மாதத்தில் என்னிடம் வந்தார்.

சமரசம் முறிந்தால் மட்டும் ஆணையம். அப்போதும் கேட்க வேண்டியது பையின் விலையும் லென்ஸும்தான். தைத்ததை முதல் பத்தியிலேயே நீங்களாக ஒப்புக்கொண்டு எழுதுவோம். ‘தொழிலுக்காக வாங்கினார், நுகர்வோர் இல்லை’ என்ற ஆட்சேபம் வரும். சொந்த உழைப்பில் பிழைப்பவருக்கு விதிவிலக்கு இருக்கிறது. ஓரிரண்டு உதவியாளர் இருந்தாலும் அது போகாது என்று 1995-இல் லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் ‘நான்கு பேருக்குச் சம்பளம் கொடுக்கும் ஸ்டூடியோ’ என்று நோட்டீஸில் பெருமைக்காக எழுதிவிடாதீர்கள்.

அடுத்த பை வாங்கும்போது பேன்ட் அளவைச் சொல்லாதீர்கள். பேன்ட் வயிற்றுக்குக் கீழே நிற்பது. பையின் இடுப்பு வார் உட்கார வேண்டிய இடம் இடுப்பெலும்பின் மேல் விளிம்பு. சட்டைக்கு மேலே நாடா வைத்து அங்கே அளந்து, அந்த எண்ணைச் செய்தியில் எழுதிப் பதிலை எழுத்திலேயே வாங்குங்கள். உங்கள் இரண்டு கேமராவையும் லென்ஸ்களையும் கடைக்கே எடுத்துப்போய் உள்ளே அடுக்கி, மாட்டிக்கொண்டு பத்து நிமிடமாவது நடங்கள். காலிப் பை எல்லோருக்கும் பொருந்தும். மெத்தை வைத்த பகுதி இடுப்பெலும்பைச் சுற்றி முன்பக்கம் வரை வர வேண்டும். வெறும் நாடா மட்டும் முன்னால் வந்தால் அது சதையை அறுக்கும், பாரம் தோளிலேயே நிற்கும். மார்பு வார் கழுத்தை நோக்கி ஏறினாலும் அந்தப் பை உங்களுக்கு இல்லை. தோள் வாரை உங்களுக்கு வேண்டிய அளவு தளர்த்திய பிறகும் நுனியில் ஒரு கை அகலம் மீதி இருக்கிறதா என்று பாருங்கள். நீட்ட வேண்டியிருந்தால் அந்த நிறுவனமே விற்கும் நீட்டிப்பு வாரை, பில்லோடு, வாங்குங்கள். தைக்கக் கொடுக்காதீர்கள்.

இன்று செய்ய வேண்டியது ஒன்றுதான். அறுந்த இடம், தைத்த இடம், பையின் உள்ளே உள்ள சீட்டு, இவற்றை ஓர் அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுங்கள். பிறகு பையை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்துவிடுங்கள். அடுத்த முகூர்த்தத்துக்கு அதை ஒட்டுப்போட்டு எடுத்துப்போக வேண்டாம். லென்ஸ்களைத் தனித்தனி உறையில் போட்டு உதவியாளரிடம் கொடுத்து அனுப்புங்கள்.