நிரலின் இரு நிலைப்பதிவுகளை ஒப்பிடுவது எப்படி?

கேள்வி: என் பைதான் சேவையின் நினைவகப் பயன்பாடு ஓயாமல் கூடுகிறது. இரு நேரங்களில் எடுத்த நிலைப்பதிவுகளை (அந்தந்த நேரத்தில் நினைவகம் எங்கெங்கே பயன்பட்டது என்ற பதிவுகளை) ஏஐ முகவரிடம் முழுமையாகக் கொடுத்தும் தெளிவான விடை கிடைக்கவில்லையே?

பதில்: முழுப் பதிவுகளுக்குப் பதிலாக, அவற்றுக்கிடையேயான வேறுபாட்டை மட்டும் கொடுங்கள். 2014இல் வெளியான பைதான் 3.4 முதல் உடன் வரும் டிரேஸ்மாலக் (tracemalloc) என்ற நினைவகக் கண்காணிப்புக் கருவி, எந்தக் கோப்பின் எந்த வரியில் எத்தனை பைட் கூடியது என்பதை, பெரிய மாற்றம் முதலில் வரும்படி வரிசைப்படுத்தித் தருவதால், அதன் முதல் பத்து வரிகளே முகவருக்குப் பெரும்பாலும் போதும். ஆனால் முதல் பதிவைச் சேவை தொடங்கியவுடன் எடுத்துவிடாதீர்கள். சில நூறு கோரிக்கைகளைக் கையாண்ட பின் எடுத்தால்தான், ஒருமுறை மட்டுமே நிரம்பும் கேச் (தற்காலிகச் சேமிப்பு) நினைவகக் கசிவாகத் தோன்றி முகவரைத் திசைதிருப்பாது. சி மொழி நூலகங்கள் தாமாக ஒதுக்கிக்கொள்ளும் நினைவகம் பொதுவாக இக்கருவியின் கண்ணில் படாது என்பதையும் முகவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.