'பாதர்' என்று கூப்பிடலாமா? பட்டப்பெயர்களும் எழுத்துப்படி கீழ்ப்படிதலும்: கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் மத்தேயு 23-ஆம் அதிகாரத்தைச் சுற்றியே இருக்கின்றன. 'ரபீ', அதாவது போதகர், என்று அழைக்கப்படாதிருங்கள், பூமியிலே ஒருவனையும் 'பிதா' என்று சொல்லாதிருங்கள், 'குருக்கள்' என்றும் அழைக்கப்படாதிருங்கள் என்று 8 முதல் 10 வரையுள்ள வசனங்கள் சொல்கின்றன. இதைத் தொட்டு, வேதத்தை எழுத்துப்படி கைக்கொள்வது பற்றியும் பலர் கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். நான் சபை வரலாறு சொல்லிக்கொடுப்பவன், எந்தச் சபைக்கும் வக்கீல் இல்லை.

கேள்வி: நான் பெந்தெகொஸ்தே, என் மனைவி கத்தோலிக்கர். அவர் 'பாதர்' என்று கூப்பிடும்போதெல்லாம் எனக்கு உறுத்துகிறது. இயேசு நேரடியாகத் தடுத்ததை இப்படி வெளிப்படையாக மீறலாமா?

அந்தப் பகுதியை 9-ஆம் வசனத்தில் தொடங்காமல் 5-ஆம் வசனத்திலிருந்து படித்துப் பாருங்கள். வேதபாரகரும் பரிசேயரும் வேத வசனம் வைத்துக் கட்டும் காப்புநாடாக்களை அகலமாக்குகிறார்கள், வஸ்திரத் தொங்கல்களைப் பெரிதாக்குகிறார்கள், விருந்தில் முதல் இடம் தேடுகிறார்கள், ஜெப ஆலயத்தில் முதல் ஆசனம் தேடுகிறார்கள், சந்தைவெளியில் நாலு பேர் வணங்க வேண்டும் என்று விரும்புகிறார்கள். இவ்வளவுக்கும் பிறகுதான் 'ரபீ, ரபீ' என்று அழைக்கப்படும் ஆசை வருகிறது. பட்டப்பெயர் அந்தப் பட்டியலில் கடைசி. நாம் சண்டை போடுவது அதை மட்டும் வைத்து.

இதற்குக் கத்தோலிக்கர் வழக்கமாகச் சொல்லும் பதில், 'அப்படியானால் வீட்டில் அப்பாவை எப்படிக் கூப்பிடுவாய்?' என்பது. வலுவில்லாத பதில். இயேசு பேசுவது மதத் தலைவர்களைப் பற்றி என்பது படிக்கிற எவருக்கும் தெரியும். ஸ்தேவான் ஆலோசனைச் சங்கத்தின் முன் நின்று "சகோதரரே, பிதாக்களே" என்று தொடங்குகிறாரே (அப்போஸ்தலர் 7:2), அது கொஞ்சம் கனமான வாதம். அங்கே எதிரில் இருந்தவர்கள் மதத் தலைவர்களேதான்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் சபையில் பிரசங்கிப்பவரை நீங்கள் என்னவென்று அழைக்கிறீர்கள்? 'போதகர்' என்றால், 8-ஆம் வசனத்தைத் தமிழ் வேதாகமத்தில் திறந்து பாருங்கள்: "கிறிஸ்து ஒருவரே உங்களுக்குப் போதகராயிருக்கிறார்". பிதாவுக்கு ஒரு வசனம் முன்னால் போதகர், ஒரு வசனம் பின்னால் குரு. எழுத்துப்படி என்று இறங்கினால் மூன்று கட்சியும் மாட்டும். நடுவில் உள்ளதை மட்டும் உருவி மனைவியிடம் நீட்டுவது நியாயமாக எனக்குப் படவில்லை.

கேள்வி: பவுலே தன்னைத் தகப்பன் என்று சொல்லிக்கொள்கிறாரே? அதோடு விவாதம் முடியவில்லையா?

முடியவில்லை. 1 கொரிந்தியர் 4:15-இல் பவுல், உபாத்தியாயர்கள் பதினாயிரம் பேர் இருந்தாலும் தகப்பன்மார் அநேகர் இல்லை, சுவிசேஷத்தினால் நானே உங்களைப் பெற்றேன் என்கிறார். தடையை அப்படியே சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டவர் இப்படி எழுதியிருக்க மாட்டார். அது உண்மை.

ஆனால் புதிய ஏற்பாட்டில் ஒருவர்கூட அவரைப் 'பிதா பவுல்' என்று விளிக்கவில்லை என்பதும் உண்மை. அனனியா "சகோதரனாகிய சவுலே" என்கிறார். பேதுருவின் நிருபம் "பிரியமான சகோதரனான பவுல்" என்கிறது. ஒரு உறவை விளக்க 'நான் உங்களுக்குத் தகப்பன் மாதிரி' என்று சொல்வது ஒன்று, பெயருக்கு முன்னால் நிரந்தரமாக ஒட்டிக்கொள்வது இன்னொன்று. கத்தோலிக்கர் முதலாவதைக் காட்டி இரண்டாவதை நியாயப்படுத்துகிறார்கள், மற்றவர்கள் இரண்டாவதை மறுப்பதற்காக முதலாவதைக் கண்டுகொள்வதே இல்லை. இன்னொரு தகவல்: ஆங்கிலம் பேசும் நாடுகளில் துறவற சபையைச் சேராத சாதாரணப் பங்குக் குருக்களையும் 'ஃபாதர்' என்று அழைப்பது பரவலானது 19-ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன் இங்கிலாந்தில் அவர்கள் வெறும் 'மிஸ்டர்'.

கேள்வி: 'பரிசுத்த பிதா' என்று போப்பை அழைப்பது இன்னும் மோசமில்லையா?

புராட்டஸ்டண்டுகளுக்கு அதிகம் வலிக்கும் இடம் இது. காரணம், யோவான் 17:11-இல் இயேசு "பரிசுத்த பிதாவே" என்று தேவனையே அழைத்து ஜெபிக்கிறார். அதே சொற்றொடர் ஒரு மனிதனுக்குப் போவதைக் கேட்கும்போது அவர்களுக்கு வரும் கோபம் எனக்குப் புரிகிறது.

ஆனால் பெரிய பட்டங்களை மறுத்த பெரிய ஆளும் ஒரு போப்தான். 6-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கான்ஸ்டான்டினோப்பிள் முதுபெரும் தந்தை யோவான் 'உலகப் பொது' என்ற அடைமொழியைப் பயன்படுத்தியபோது, முதலாம் கிரகோரி கடுமையாக எதிர்த்து எழுதினார். அலெக்சாந்திரியாவின் முதுபெரும் தந்தை யூலோஜியஸ் அதே மாதிரியான பட்டத்தைக் கிரகோரிக்கே சூட்டி எழுதியபோது, எனக்கு அது வேண்டாம் என்று திருப்பிவிட்டார். தன்னை 'தேவ ஊழியர்களின் ஊழியன்' என்று எழுதிக்கொண்டார். (அதற்காக ரோமின் தலைமையை அவர் விட்டுக்கொடுத்தார் என்று நினைக்க வேண்டாம். அதிகாரம் விஷயத்தில் மிகத் தெளிவானவர்.) இன்றைக்கு அந்த 'ஊழியர்களின் ஊழியன்' என்பதே போப்பின் அதிகாரப்பூர்வப் பட்டங்களில் ஒன்று. பட்டம் வேண்டாம் என்பதும் பட்டமாகிவிட்டது!

கேள்வி: எங்கள் சபையில் 'ரெவரெண்ட்' தான். அதில் பிதா, குரு எதுவும் இல்லையே, பிரச்சினை இல்லைதானே?

ஒரு கல்லறைக் கல்லின் கதை சொல்கிறேன். இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் பகுதியில் ஓஸ்டன் ஃபெரி என்ற ஊர். அங்கே வெஸ்லியன் மெதடிஸ்ட் ஊழியர் ஹென்றி கீட் என்பவரின் மகள் இறந்துபோனாள். ஆங்கிலிக்கன் ஆலயக் கல்லறையில் அடக்கம். கல்லில் அவள் பெயரைப் பொறித்து, 'ரெவரெண்ட் எச். கீட், வெஸ்லியன் ஊழியரின் மகள்' என்று போட அப்பா விரும்பினார். ஊர் ஆங்கிலிக்கன் குரு முடியாது என்றார். மெதடிஸ்ட் ஆள் எப்படி ரெவரெண்ட் ஆக முடியும்? பேராயரும் குருவின் பக்கம். திருச்சபை நீதிமன்றங்கள் அப்பாவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லின. வழக்கு பிரிவி கவுன்சில் வரை போய், 1876-இல் அவர் ஜெயித்தார். தீர்ப்பின் சாரம்: 'ரெவரெண்ட்' என்பது யாருக்கும் சொந்தமான பட்டமே அல்ல, மரியாதைக்குச் சொல்லும் அடைமொழி, யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

செத்துப்போன பெண்ணின் கல்லில் நாலு எழுத்துக்காக இரண்டு ஊழியர்கள் நாட்டின் உச்ச மன்றம் வரை போனார்கள். சந்தைவெளி வந்தனம் என்று மத்தேயு சொல்வதற்கு இதைவிட நல்ல விளக்கவுரை எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் கீட் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. தன் ஊழியத்தையே செல்லாக்காசு என்று சொன்னதாகத்தான் அவர் அதை எடுத்திருப்பார்.

கேள்வி: இந்த வசனத்தை நிஜமாகவே எழுத்துப்படி கைக்கொண்டவர்கள் யாராவது உண்டா?

உண்டு. நான் இரசிக்கும் பகுதியும் இதுதான்.

அசிசி பிரான்சிஸ் 1221-இல் எழுதிய ஒழுங்கில், யாரும் 'பிரியர்', அதாவது தலைவர், என்று அழைக்கப்படக் கூடாது, எல்லாரும் 'இளைய சகோதரர்' என்றே அழைக்கப்பட வேண்டும், ஒருவர் கால்களை ஒருவர் கழுவ வேண்டும் என்று இருக்கிறது. பொறுப்பில் இருப்பவருக்குப் பெயர் 'ஊழியர்'. கத்தோலிக்கத்துக்கு உள்ளேயே ஒருவர் இந்த வசனங்களைச் சொன்னபடி செய்து பார்த்தார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1288-இல் அந்தச் சகோதரர்களில் ஒருவர் நான்காம் நிக்கோலாஸ் என்ற பெயரில் போப் ஆனார் என்பது வேறு கதை.

17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவக் குழுவினர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். யாருக்கும் பட்டம் கிடையாது, யார் முன்னும் தொப்பியைக் கழற்றுவதும் கிடையாது. 1670-இல் வில்லியம் பென்னும் வில்லியம் மீடும் லண்டனில் விசாரணைக்கு வந்தபோது தலையில் தொப்பி இல்லை. நீதிபதிகள் அதிகாரியை விட்டுத் தொப்பியை மாட்டவைத்து, அப்புறம் ஏன் கழற்றவில்லை என்று அபராதம் போட்டார்கள்.

மூன்றாவது, 1820-களிலும் 30-களிலும் டப்ளினிலும் பிளிமத்திலும் உருவான சகோதர சபையார். ரெவரெண்ட் கிடையாது, எல்லாரும் 'பிரதர்'. ஜான் நெல்சன் டார்பி ஆங்கிலிக்கன் குருப்பட்டம் பெற்றவர், அதை விட்டுவிட்டு வந்து வெறும் சகோதரராக நின்றார். அதே சகோதரர் 1848-இல் ஒரே ஒரு சுற்றறிக்கை எழுதி, பிரிஸ்டலில் ஜார்ஜ் முல்லர் இருந்த பெதஸ்தா சபையோடு ஐக்கியத்தை அறுத்தார். திறந்த பிரிவு, மூடிய பிரிவு என்ற பிளவு இன்றுவரை ஒட்டவில்லை. எந்தப் பேராயரும் அவ்வளவு சுலபமாக அதைச் செய்திருக்க முடியாது. பேராயருக்கு மேலே ஒரு சட்டமாவது இருக்கும். பட்டத்தை எடுத்துவிட்டால் ஆசனமும் போய்விடும் என்று நினைப்பவர்களுக்கு நான் இந்த 1848-ஐத்தான் காட்டுவேன்.

கேள்வி: நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல அழைத்திருக்கிறார்கள். "பரிச்சேதம் சத்தியம்பண்ணவேண்டாம்" என்று இயேசு சொல்லியிருக்க, நான் சத்தியம் செய்யலாமா?

மத்தேயு 5:34-ம் யாக்கோபு 5:12-ம் ஒன்றையே சொல்கின்றன. குழந்தை ஞானஸ்நானத்தை மறுத்த அனபாப்டிஸ்டுகள் 1527-இல் சுவிட்சர்லாந்தின் ஷ்லைட்ஹைமில் எழுதிய அறிக்கையில் சத்தியம் அறவே கூடாது என்றார்கள். ஆங்கிலிக்கன் சபையின் 39-ஆம் விதி, வீண் சத்தியம்தான் கூடாது, நீதிபதி கேட்டால் செய்யலாம் என்கிறது. பிரதான ஆசாரியன் ஆணையிட்டுக் கேட்டபோது இயேசு பதில் சொன்னாரே, பவுலும் தேவனைச் சாட்சிக்கு அழைத்தாரே என்பது இவர்கள் பக்க வாதம்.

குவேக்கர்கள் இதற்காகச் சிறையில் கிடந்தார்கள். வேறு குற்றம் எதுவும் கிடைக்காவிட்டால், அரசருக்கு விசுவாசமாயிருப்பதாகச் சத்தியம் செய் என்று நீட்டினால் போதும், அவர்கள் மறுப்பார்கள், உள்ளே தள்ளலாம். 1696-இல் இங்கிலாந்து சட்டம் அவர்களுக்கு 'உறுதிமொழி' என்ற மாற்று வழியைத் தந்தது. இன்று பல நாடுகளின் சட்டங்களில் அந்த வழி எல்லாருக்கும் உண்டு. சத்தியம் செய்ய மாட்டேன், உறுதிமொழி தருகிறேன் என்று முன்கூட்டியே எழுத்தரிடம் சொல்லிவிடுங்கள். பொய் சொன்னால் தண்டனை இரண்டுக்கும் ஒன்றுதான்.

கேள்வி: எதை எழுத்துப்படி எடுப்பது, எதை விடுவது என்று ஏதாவது அளவுகோல் இருக்கிறதா?

எல்லாரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் இல்லை. "பரிசுத்த முத்தத்தோடு வாழ்த்துங்கள்" என்ற வகைக் கட்டளை நிருபங்களில் ஐந்து முறை வருகிறது. பெண்கள் தலையை மூடுவது 1 கொரிந்தியர் 11-இல் மட்டும் வருகிறது. எதை எத்தனை சபைகள் வற்புறுத்துகின்றன என்று எண்ணிப் பாருங்கள். கால் கழுவுதலை மென்னோனைட்டுகளில் பலரும் ஏழாம்நாள் அட்வென்டிஸ்டுகளும் நியமமாகவே செய்கிறார்கள், கத்தோலிக்கர் பெரிய வியாழனில் செய்கிறார்கள், மற்றப் பலர் 'அது தாழ்மைக்கு அடையாளம்' என்று சொல்லிவிட்டுக் காலுறையைக் கழற்றுவதில்லை.

எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு 3-ஆம் நூற்றாண்டு வேத அறிஞர் ஓரிகன். மத்தேயு 19:12-ஐ அப்படியே எடுத்துத் தன் ஆண்மையை நீக்கி அண்ணகனாக்கிக்கொண்டார் என்று பழைய சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் எழுதுகிறார். நடந்ததா என்று அறிஞர்கள் சிலர் சந்தேகப்படுகிறார்கள். ஆனால் 325-இல் நிசேயா சங்கத்தின் முதல் விதியே, தானாக இப்படிச் செய்துகொண்டவர் குருவாக இருக்கக் கூடாது என்பது. ஆகவே ஓரிகனை விட்டாலும் வேறு யாரோ செய்திருக்கிறார்கள்.

நான் பார்ப்பது ஒன்றுதான்: அந்தக் கீழ்ப்படிதலின் செலவு யார் தலையில் விழுகிறது? பிரான்சிஸ் தன் பதவியை விட்டார், குவேக்கர் தன் உடம்பைச் சிறைக்குக் கொடுத்தார். நமக்கு எழுத்துப்படி பிடிக்கிற வசனங்கள் பெரும்பாலும் பக்கத்துச் சபைக்காரர் செய்ய வேண்டியவையாகவே இருக்கின்றன.

கேள்வி: சர்ப்பங்களை எடுப்பார்கள் என்று மாற்கு 16-இல் இருக்கிறதே?

அது கட்டளை அல்ல. அந்தக் கடைசி வசனங்கள் சீனாய், வத்திக்கான் ஆகிய இரண்டு பழம்பெரும் கையெழுத்துப் பிரதிகளிலும் இல்லை. அமெரிக்காவில் ஆராதனையில் பாம்பைக் கையில் பிடிக்கும் வழக்கத்தைப் பரப்பிய ஜார்ஜ் ஹென்ஸ்லி 1955-இல் பாம்பு கடித்தே இறந்தார்.

கேள்வி: எங்கள் பாஸ்டர், தன்னை இனிமேல் 'அப்போஸ்தலர்' என்றுதான் அழைக்க வேண்டும் என்கிறார். மறுத்தால் கலகக்காரன் என்கிறார்.

பவுல் தன் நிருபங்களில் அப்போஸ்தலன் என்று எழுதியிருக்கிறார். ஆனால் என்னை அப்படிக் கூப்பிடு என்று யாரையும் கட்டாயப்படுத்தியதாக ஒரு வரி கிடையாது. மத்தேயு 23-ஐ 5 முதல் 12 வரை அவரிடமே வாசிக்கச் சொல்லுங்கள். கோபம் வந்தால், வேறு சபை பார்க்கும் நேரம்.

கேள்வி: நான் சகோதர சபை. கத்தோலிக்க நண்பரின் அடக்க ஆராதனையில் இரண்டு நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். குருவை 'பாதர்' என்று விளிக்க மனசாட்சி இடம் தரவில்லை. அவமதிப்பாகவும் இருக்கக் கூடாது.

'குருவானவர் அவர்களே' என்று தொடங்குங்கள். அது அவர் வகிக்கும் பொறுப்பைச் சொல்வது, யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். 10-ஆம் வசனத்தை நினைத்து அதுவும் உறுத்தினால், வெறும் 'ஐயா' போதும். விளிக்காமலே இறந்தவரின் குடும்பத்தாரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாலும் தவறில்லை. ஏன் 'பாதர்' சொல்லவில்லை என்ற விளக்கத்தை மட்டும் அந்த இரண்டு நிமிடத்துக்குள் கொண்டுவராதீர்கள். தனியாக அவரே கேட்டால் சொல்லுங்கள். பெரும்பாலும் கேட்க மாட்டார், உங்கள் சபையாரை அவருக்கும் தெரிந்திருக்கும்.